டமாஸ்கஸுக்கு மேற்கே: மக்மகான்–ஹுசைன் கடிதங்களில் பாலஸ்தீனம் இருந்ததா?

கிழக்குவாசல்:

முதல் உலகப் போரின்போது பிரித்தானியா அரபுத் தலைவர்களுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பாலஸ்தீனம் என்ற ஒரே நிலத்தை அரபுகள், பிரான்ஸ், யூதர்கள் என்று மூன்று பேருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தைப் பிரித்துப் படிக்காமலே மோசடி என்று சொல்லிவிட்டுப் போனால், எதிர்த்தரப்பு ஒரு கேள்வி கேட்டவுடன் நாம் வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும். ஆகவே மக்காவின் ஷெரீப் ஹுசைன் பின் அலிக்கும், எகிப்தில் பிரித்தானிய உயர் ஆணையராக இருந்த ஹென்றி மக்மகானுக்கும் இடையே 1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை போய்வந்த பத்துக் கடிதங்களை முன்னால் வைத்துக்கொண்டு பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான மக்மகான் எல்லைக்கோடு இவர் பெயரால் வழங்குவதுதான். கெய்ரோவுக்கு வருவதற்கு முன்பு இவர் இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்தார்.

1914 நவம்பரில் உதுமானியப் பேரரசின் சுல்தான், கலீபா என்ற தகுதியில், ஜிஹாத் அறிவித்தார். இந்தியாவிலும் எகிப்திலும் கோடிக்கணக்கான முஸ்லிம்களை ஆண்டுகொண்டிருந்த பிரித்தானியாவுக்கு அது வயிற்றைக் கலக்கியது. நபியின் வழித்தோன்றலும் புனித நகரங்களின் காவலருமான ஷெரீப் அந்த அறிவிப்புக்குத் தம் குரலைச் சேர்க்காமல் இருந்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும் என்று கெய்ரோவில் கணக்குப் போட்டார்கள். ஹுசைனோ சும்மா இருப்பதற்குக் கூலி கேட்கவில்லை; நாடு கேட்டார். 1915 ஜூலை 14 தேதியிட்ட முதல் கடிதத்திலேயே எல்லைகளை எழுதிவிட்டார்: வடக்கே மெர்சின், அதானா தொடங்கி 37ஆம் பாகையை ஒட்டிப் பாரசீக எல்லை வரை, கிழக்கே பாரசீக எல்லையும் வளைகுடாவும், தெற்கே ஏடன் நீங்கலாக இந்தியப் பெருங்கடல், மேற்கே செங்கடலும் மத்தியதரைக் கடலும்.

ஆகஸ்ட் 30ஆம் தேதி வந்த பதிலில் பட்டங்களும் புகழுரைகளும் நிறைய இருந்தன. எல்லைகளைப் பற்றி இப்போது பேசுவது காலத்துக்கு முந்தியது என்பதே அதன் சாரம். அந்தப் பதிலில் தெரிந்த தயக்கமும் குளிர்ச்சியும் தம்மை வருத்தியதாக செப்டம்பர் 9ஆம் தேதி ஹுசைன் ஒளிக்காமல் எழுதினார். இதற்கிடையே கலிப்பொலியில் பிரித்தானியப் படை முன்னேற வழியில்லாமல் நின்றது. அங்கே உதுமானியப் படையிலிருந்து தப்பி வந்த முகமது ஷரீப் அல்-ஃபாரூக்கி என்ற இளம் அரபு அதிகாரி, இரகசியச் சங்கங்களில் திரண்டிருக்கும் அரபு அதிகாரிகள் யார் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்கும் தறுவாயில் இருப்பதாகக் கெய்ரோவில் சொன்னார். உடனே லண்டனிலிருந்து அனுமதி வந்தது. அக்டோபர் 24ஆம் தேதி மக்மகான் எழுதினார்.

அந்தக் கடிதத்தின் உயிர்நிலை இது: மெர்சின், அலெக்சாந்திரெட்டா ஆகிய இரு மாவட்டங்களும், டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே கிடக்கும் சிரியப் பகுதிகளும் முழுக்க அரபுப் பகுதிகள் என்று சொல்ல முடியாதவை, ஆகவே அவை கேட்ட எல்லையிலிருந்து நீக்கப்பட வேண்டும். மற்ற இடங்களில், தன் கூட்டாளியான பிரான்சின் நலனுக்குக் கேடில்லாமல் பிரித்தானியா சுதந்திரமாகச் செயல்படக்கூடிய பகுதிகளில், அரபுகளின் விடுதலையை அது ஏற்று ஆதரிக்கும்.

பாலஸ்தீனம் என்ற சொல்லும் ஜெருசலேம் என்ற சொல்லும் இதில் இல்லை. நூறாண்டுச் சண்டை முழுவதும் அந்த இல்லாமைக்குள்தான் நடக்கிறது. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

தாழம்பூ:

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது முழு வலிமையோடு சொல்ல வேண்டும் என்பதால் நான் சொல்கிறேன். முதலாவதாக, இது உடன்படிக்கை அன்று. இரு தரப்பும் ஒப்பமிட்ட ஒரே ஆவணம் என்று எதுவும் இல்லை. போரின் நடுவில் நடந்த பேரப்பேச்சு இது. பல கேள்விகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஹுசைனே ஒத்திவைத்தார். இரண்டாவதாக, பிரான்சின் நலன் பற்றிய நிபந்தனை முழு வாக்குறுதியின் மேலும் கவிந்திருக்கிறது. அப்போது பிரான்ஸ் பாலஸ்தீனத்தையும் சிரியாவின் ஒரு பகுதியாகவே கேட்டுக்கொண்டிருந்தது. எனவே டமாஸ்கஸுக்கு மேற்கு எது, தெற்கு எது என்று அளந்து பார்க்கவே தேவையில்லை. பாலஸ்தீனம் அந்த நிபந்தனையிலேயே அடங்கிவிடுகிறது.

மூன்றாவதாக, எழுதியவரே சாட்சி சொல்லியிருக்கிறார். பாலஸ்தீனத்தை ஹுசைனுக்குக் கொடுக்கும் எண்ணம் தமக்கு இருந்ததே இல்லை என்று மக்மகான் 1922இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் அலுவலகத்துக்கும், 1937இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கும் கடிதம் எழுதினார். எழுதியவரின் கருத்தைப் புறந்தள்ளிவிட்டு நாம் ஒரு பொருள் கொள்வது எந்த வகையில் நியாயம்?

வரைபடப்பித்தன்:

தாழம்பூ அவர்களின் மூன்றாவது வாதத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எழுதியவரின் மனத்தைவிட எழுதிய இடங்களின் இருப்பு எனக்கு நம்பகமான சாட்சி.

ஒரு வரைபடத்தை எடுத்து அந்த நான்கு ஊர்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வடக்கே அலெப்போ, அதற்குக் கீழே ஹமா, அடுத்து ஹோம்ஸ், கடைசியில் டமாஸ்கஸ். ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், பழைய வணிகப் பாதையை ஒட்டி, மாலையில் கோத்த மணிகளைப் போல இறங்குகின்றன. அந்தக் கோட்டுக்கு மேற்கே என்ன இருக்கிறது? லட்டாக்கியா, திரிப்போலி, பெய்ரூட், சீதோன், லெபனான் மலை. கிறித்தவர்கள் திரளாக வாழ்ந்த, பிரான்ஸ் நெடுங்காலமாகக் கண்வைத்திருந்த கடற்கரை அது. முழுக்க அரபுப் பகுதி என்று சொல்ல முடியாது என்ற காரணம், சரியோ தவறோ, அந்தக் கரையைக் குறித்துச் சொன்னால் பொருந்தி வருகிறது.

டமாஸ்கஸ் ஏறக்குறைய 33.5 பாகை வடக்கில் இருக்கிறது. பிற்காலப் பாலஸ்தீனத்தின் வடகோடி 33.3 பாகையைத் தாண்டவில்லை, ஹைஃபா 32.8, ஜெருசலேம் 31.8. அதாவது பாலஸ்தீனம் முழுவதும் டமாஸ்கஸுக்குத் தெற்கே கிடக்கிறது. தென்மேற்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். மேற்கு என்று சொல்ல முடியாது.

இதைச் சமாளிக்கத்தான் பின்னாளில் ஒரு விளக்கம் கொண்டுவந்தார்கள். டமாஸ்கஸ் மாவட்டம் என்றால் டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட உதுமானிய 'சிரியா விலாயத்து' முழுவதும் என்று பொருளாம். அந்த மாகாணம் யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே அகபா வரை நீண்டிருந்தது; ஆகவே அதற்கு மேற்கே இருக்கும் பாலஸ்தீனம் விலக்கப்பட்டுவிட்டதாம். 1922 ஜூனில் குடியேற்ற நாடுகள் அமைச்சர் சர்ச்சில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்தப் பொருளில்தான் நிற்கிறது: பெய்ரூட் விலாயத்தும் ஜெருசலேம் தனிச் சஞ்சக்கும் (மாகாணத்தைவிடச் சிறிய நிர்வாகப் பிரிவு) எப்போதுமே விலக்கில் சேர்ந்தவையாகக் கருதப்பட்டன என்கிறது. ஆனால் மாவட்டம் என்றால் மாகாணம் என்று கொண்டால், அதே வாக்கியத்தில் வரும் மற்ற மூன்று ஊர்களை என்ன செய்வது? ஹோம்ஸும் ஹமாவும் தனி மாகாணங்களே அல்ல. அவை அந்த சிரியா மாகாணத்துக்குள்ளேயே இருந்தவை. மாகாணத்தைச் சொன்னபின் அதற்குள் இருக்கும் ஊர்களை மறுபடியும் ஏன் சொல்ல வேண்டும்? அலெப்போ உண்மையாகவே மாகாணத் தலைநகர்தான். ஆனால் அந்த மாகாணம் கடல் வரை எட்டியது. அதற்கு மேற்கே நிலமே இல்லை, மத்தியதரைக் கடல்தான் இருக்கிறது. அலெக்சாந்திரெட்டாவும் அதே மாகாணத்தில்தான் இருந்தது. பிறகு அதைத் தனியாகப் பெயர் சொல்லி நீக்கியது எதற்கு? ஒரே வாக்கியத்தில் ஒரே சொல்லுக்கு டமாஸ்கஸில் ஒரு பொருள், ஹோம்ஸில் வேறு பொருள் என்று வைத்தால்தான் சர்ச்சிலின் விளக்கம் நிற்கும்.

விலக்க நினைத்தது ஜெருசலேமை என்றால், ஜெருசலேம் சஞ்சக் என்று எழுதியிருக்கலாம். அது நேரே இஸ்தான்புல்லின் கீழ் இயங்கிய தனி நிர்வாகப் பிரிவு. கெய்ரோவில் இருந்தவர்களுக்கு அடுத்த வீடு. தெற்கே குறிப்பிடத்தக்க முக்கியமான ஊர் எதுவும் தமக்குத் தோன்றவில்லை என்பது மக்மகான் 1922 கடிதத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று. மூன்று மதங்களின் புனித நகரம் கண்ணில் படாமல் போயிற்று என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறைமதி:

நான் ஜித்தாவில் பதினோரு ஆண்டுகள் கணக்கு வேலை பார்த்தவன். அரபியைக் கடைத்தெருவிலும் கோப்புகளிலும் கற்றவன், புலவன் அல்லன். இருந்தாலும் மொழியின் பக்கமிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹுசைன் படித்தது ஆங்கிலக் கடிதத்தை அன்று, அரபிக் கடிதத்தை. மாவட்டம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அரபியில் 'விலாயாத்' என்று இருந்தது. இந்தச் சொல்லுக்கு அதிகாரம், ஆட்சி, ஆளுகைக்கு உட்பட்ட பகுதி, காவல் என்று பல முகங்கள் உண்டு. நம் ஊர்ச் சூஃபி நூல்களில் இறைநேசரின் ஆன்மிக நிலையையும் விலாயத்து என்றுதான் எழுதுகிறார்கள். உதுமானிய நிர்வாகத்தில் மட்டும் அதற்கு மாகாணம் என்ற கறாரான பொருள் வந்தது. இஸ்தான்புல்லில் பல்லாண்டு வாழ்ந்த ஹுசைனுக்கு இரண்டு வழக்கும் தெரியும். ஹோம்ஸ் விலாயத்து என்று படித்த மாத்திரத்தில், அப்படி ஒரு மாகாணம் கிடையாது, சுற்றுவட்டாரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். வேறு எப்படியும் அதைப் படிக்க முடியாது.

அந்த மொழிபெயர்ப்பு எந்த நிலையில் நடந்தது என்பதையும் பாருங்கள். கெய்ரோவில் கீழைச் செயலராக இருந்த ரொனால்ட் ஸ்டோர்ஸின் மேற்பார்வையில், ரூஹி என்ற பாரசீகர் அரபி வாசகத்தைத் தயாரித்தார். அவர் ஆழ்ந்த அரபிப் புலமை உடையவர் அல்லர் என்றும், தாமும் நெருக்கடிக்கு நடுவில்தான் சரிபார்த்ததாகவும் ஸ்டோர்ஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு லாரிச் சரக்குக்கான ஒப்பந்தத்தைக்கூட எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்புவோம். இங்கே ஒரு மக்கள்கூட்டத்தின் தலைவிதி அப்படிக்கூடப் பார்க்கப்படாமல் போயிருக்கிறது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சுடர்விழி:

ஒரு சந்தேகம். இவ்வளவும் கெய்ரோவில் நடக்கும்போது டெல்லியில் இருந்த இந்திய அரசு என்ன செய்துகொண்டிருந்தது? மெசபொடேமியாவில் சண்டையிட்டவர்கள் இந்தியப் படைவீரர்கள் அல்லவா?

கிழக்குவாசல்:

சுடர்விழி கேட்டது சரியான கேள்வி. உண்மையான விடை அங்கேதான் கிடைக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1914 நவம்பரிலேயே பஸ்ராவைப் பிடித்தது இந்தியாவிலிருந்து போன படை. அந்தப் பகுதி தங்கள் பொறுப்பு என்று இந்திய அரசு கருதியது. பாக்தாத், பஸ்ரா மாகாணங்களையும் கேட்ட ஹுசைனிடம், அங்கே தனி நிர்வாக ஏற்பாடு வேண்டியிருக்கும் என்ற ஒதுக்கத்தோடு மக்மகான் பேசியது வைஸ்ராய் ஹார்டிங்குக்குப் பிடிக்கவில்லை. யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள் என்று கோபித்துக்கொண்டார். இன்னொரு பக்கம் அதே இந்திய அரசின் அதிகாரி பெர்சி காக்ஸ், 1915 டிசம்பர் 26ஆம் தேதி, பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய இபின் சவூதோடு தனியாக ஒரு உடன்படிக்கை செய்துகொண்டார். ஒரே மாதத்தில் ஒரே பேரரசு ஹுசைனிடம் ஒரு கையையும் அவருடைய பகைவரிடம் மறு கையையும் நீட்டியிருக்கிறது.

ஹார்டிங்கைச் சமாதானப்படுத்த மக்மகான் 1915 டிசம்பர் 4ஆம் தேதி எழுதிய கடிதம்தான் என் பார்வையில் இந்த விவகாரத்தின் திறவுகோல். வலுவான, ஒன்றுபட்ட, விடுதலை பெற்ற அரபு நாடு ஒன்று உருவாகும் என்பதைத் தாம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்கிறார். அரபு மக்களை எதிரியிடமிருந்து பிரித்து நம் பக்கம் இழுப்பதே இப்போதைய வேலை, நம் தரப்பில் இது பெரும்பாலும் சொற்களைப் பொறுத்த காரியம், இந்தப் பேச்சுவார்த்தை நம் கைகளைக் கட்டிவிடும் என்று தாம் கருதவில்லை என்றும் வைஸ்ராய்க்கு உறுதி சொல்கிறார். இது பத்துக் கடிதங்களும் போய்வந்து முடிவதற்கு முன்பே எழுதப்பட்டது. இதைப் படித்த பிறகு, விலாயத்து என்ற சொல்லின் குழப்பத்தை வெறும் மொழிபெயர்ப்புப் பிழை என்று என்னால் விட முடியவில்லை. தெளிவு தேவைப்படவில்லை என்பதால்தான் தெளிவு வரவில்லை.

தாழம்பூ அவர்கள், எழுதியவரின் கருத்தைப் பாருங்கள் என்றார். பார்க்கலாம், ஆனால் ஆண்டுகள் கழித்து வந்த கருத்தைவிட அன்றைக்கே சொன்னது மேல். அக்டோபர் 24ஆம் தேதிக் கடிதத்தை அனுப்பிய இரண்டாம் நாள், வெளியுறவு அமைச்சர் கிரேவுக்கு மக்மகான் விளக்கம் அனுப்பினார். சிரியாவில் பிரான்சின் கோரிக்கை எதுவரை என்பது தமக்குத் தெரியாது என்றும், ஆகவே டமாஸ்கஸ், ஹமா, ஹோம்ஸ், அலெப்போ ஆகிய நகரங்களை அரபு வட்டத்துக்குள் ஏற்றுக்கொண்டு, பிரான்சுக்கு இடம்விடும் பொதுவான வாசகம் ஒன்றைச் சேர்த்ததாகவும் அதில் சொல்கிறார். அவர் வாயிலிருந்தே நகரங்கள் என்று வருகிறது. மாகாணங்கள் என்று வரவில்லை.

ஹுசைன் ஏமாளியும் அல்லர். மெர்சினையும் அதானாவையும் விட்டுக்கொடுத்த அவர், பெய்ரூட், அலெப்போ மாகாணங்களும் அவற்றின் கரைகளும் அரபு நிலமே என்று நவம்பர் 5ஆம் தேதி எழுதினார். 1916 ஜனவரி 1ஆம் தேதியோ, போர் முடியும் வரை பிரான்சோடு உங்களுக்கு இருக்கும் நட்பைக் கெடுக்க மாட்டேன், முடிந்த பிறகு முதல் வாய்ப்பிலேயே பெய்ரூட்டையும் அதன் கரையையும் கேட்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதே ஜனவரி முதல் வாரத்தில் லண்டனில் பிரித்தானியாவின் மார்க் சைக்ஸும் பிரான்சின் பிரான்சுவா ஜார்ஜ்-பிக்கோவும் உதுமானிய நிலத்தை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் இரகசிய வரைவை முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு நகரங்களும் பிரான்சின் செல்வாக்குக்கு உட்பட்ட பகுதியாயின. பாலஸ்தீனத்தின் பெரும்பகுதி பன்னாட்டு நிர்வாகத்துக்கு என்று வரைபடத்தில் பழுப்பு வண்ணம் பூசப்பட்டது. மே 16ஆம் தேதி அது முடிவாயிற்று. ஜூன் மாதம் ஹுசைன் மக்காவில் கிளர்ச்சியைத் தொடங்கியபோது அவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

தாழம்பூ:

டிசம்பர் 4ஆம் தேதிக் கடிதத்தின் முன்னால் என் மூன்றாவது வாதம் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹுசைனின் பக்கத்திலும் கணக்கு இருந்தது. எல்லா அரபுகளின் பெயராலும் பேச அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 1916 இறுதியில் அரபு நாடுகளின் மன்னர் என்று அவர் தம்மை அறிவித்துக்கொண்டபோது இபின் சவூத் ஏற்கவில்லை. பிரித்தானியாவும் பிரான்சும், மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸின் மன்னர் என்று மட்டுமே அங்கீகரித்தன. இந்திய முஸ்லிம் தலைவர்கள் பலர் அவருடைய கிளர்ச்சியைக் கலீபாவுக்குச் செய்த துரோகமாகவே பார்த்தார்கள். ஃபாரூக்கி சொன்ன படைபலமும் மிகைதான். அப்படியிருக்க, பாலஸ்தீன மக்களின் உரிமையை ஹுசைனின் கடிதத்தில் தொங்கவிடுவது அந்த மக்களுக்கே நல்லதா? கூடவே, என் இரண்டாவது வாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை: பிரான்சின் நலன் என்ற நிபந்தனை.

கிழக்குவாசல்:

அந்த நிபந்தனைக்குப் பதில் வரலாறே சொல்லிவிட்டது. 1918 டிசம்பரில் லண்டனில் பிரித்தானியப் பிரதமர் லாய்ட் ஜார்ஜ் கேட்டார், பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ பாலஸ்தீனத்தையும் மோசூலையும் விட்டுக்கொடுத்தார். பிரான்சின் நலனுக்காகத்தான் பாலஸ்தீனம் ஒதுக்கி வைக்கப்பட்டது என்றால், பிரான்ஸ் விலகிக்கொண்ட அன்றே அந்தத் தடை நீங்கிவிட்டது. நிலம் கடிதப்படி அரபுகளுக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும். பிரான்சின் பெயரால் எடுத்து வைத்ததைப் பிரான்ஸ் வேண்டாம் என்றவுடன் தனக்கே வைத்துக்கொள்ள அந்தக் கடிதத்தில் எந்த வரியும் இடம் தரவில்லை. அதே மாதம் 5ஆம் தேதி பிரித்தானிய அமைச்சரவையின் கிழக்குக் குழுவில், 1915 அக்டோபரில் ஹுசைனுக்குக் கொடுத்த பொது வாக்குறுதிக்குள் பாலஸ்தீனம் அடங்குகிறது என்று அதன் தலைவர் கர்சன் பிரபுவே சொல்லியிருக்கிறார். மூடிய அறைக்குள் ஒரு பொருள், நாடாளுமன்றத்தில் வேறு பொருள்.

உங்கள் பெரிய கேள்வியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். 1922 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் ஏறத்தாழ 7,57,000 பேர் இருந்தார்கள். யூதர்கள் அவர்களில் 84,000 பேர் அளவில். 1917 நவம்பர் 2ஆம் தேதி, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு சொன்ன பிரித்தானியாவின் பால்ஃபர் பிரகடனம், பத்தில் ஒன்பது பேராக இருந்தவர்களை 'யூதரல்லாத சமூகங்கள்' என்று குறித்து, அவர்களுடைய குடிமை உரிமைக்கும் சமய உரிமைக்கும் உறுதி சொன்னது. அரசியல் உரிமை என்ற சொல் அவர்களுக்கு வரவில்லை. அந்த மாதமே போல்ஷெவிக்குகள் சைக்ஸ்–பிக்கோ இரகசியத்தை அச்சிட்டுவிட, பதறிப்போன ஹுசைனை அமைதிப்படுத்த 1918 ஜனவரியில் பிரித்தானிய அதிகாரி ஹோகார்த் ஜித்தாவுக்கு அனுப்பப்பட்டார். யூதர் குடியேற்றம் அங்கிருக்கும் மக்களின் பொருளாதார, அரசியல் விடுதலைக்கு இசைந்த அளவில் மட்டுமே நடக்கும் என்று அவர் வாக்களித்தார். பிரகடனத்தில் இல்லாத அந்த 'அரசியல்' என்ற சொல் ஹுசைனின் காதில் மட்டும் சொல்லப்பட்டது. அந்த மக்களின் உரிமை எந்த ஷெரீபின் கடிதத்திலும் தொங்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அதைக் கேட்டு நம்பி மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

மறைமதி:

கடிதங்கள் எப்போது வெளிவந்தன என்பதையும் யாராவது சொல்லுங்கள். அரபு உலகில் அவை அரசு வெளியிடுவதற்கு முன்பே கைமாறிக்கொண்டிருந்தன என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வரைபடப்பித்தன்:

உண்மைதான். அரபு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் அந்தோனியஸ் 1938இல் அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டுவிட்டார். 1923இலேயே கிரே பிரபு, போர்க்கால வெளியுறவு அமைச்சராக இருந்த அவரே, அரசின் விளக்கத்தில் தமக்கு ஐயம் இருப்பதாகவும் எல்லாவற்றையும் வெளியிடுவதே மானமான வழி என்றும் பிரபுக்கள் அவையில் கேட்டுப் பார்த்தார். அரசு 1939 வரை அசையவில்லை. அந்த ஆண்டு லண்டன் மாநாட்டில் அரபுப் பேராளர்களும், சட்ட அமைச்சர் மாம் பிரபுவின் தலைமையில் பிரித்தானியத் தரப்பும் உட்கார்ந்து கடிதங்களை வரிவரியாகப் படித்தார்கள். பாலஸ்தீனம் விலக்கப்பட்டதுதான் என்ற நிலையைப் பிரித்தானியத் தரப்பு விடவில்லை. ஆனால் வாசகம் இதுவரை நினைத்த அளவுக்குத் திட்டவட்டமானது அன்று என்றும், அரபுத் தரப்பின் வாதத்துக்கு இதுவரை தெரிந்ததைவிட வலு இருக்கிறது என்றும் எழுதிக்கொடுத்தது. பாலஸ்தீன மக்களின் விருப்பத்தையும் நலனையும் கருதாமல் அந்த நிலத்தை விருப்பம்போல் கையாளப் பிரித்தானியா சுதந்திரமாக இருக்கவில்லை என்பதும் அறிக்கையில் இருக்கிறது.

தாழம்பூ:

அந்த 1939 அறிக்கையைப் பிரித்தானியாவை விடுவித்த தீர்ப்பு என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்; முன்பு வேறோர் இழையில் அப்படி எழுதியும் இருக்கிறேன். கடைசிப் பகுதியைப் படிக்காமல் எழுதிவிட்டேன். அந்தப் பதிவை இன்று திருத்திவிடுகிறேன். ஹுசைன் இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. 1924இல் இபின் சவூதிடம் மக்காவை இழந்து, சைப்ரசில் தங்கி, 1931இல் அம்மானில் இறந்தார். அவரை அடக்கம் செய்திருப்பது ஜெருசலேமில்.